மலம் அடங்காமை: வயதைக் குற்றம் சொல்வதற்கு முன்

"வயசாயிடுச்சு, இனிமே அப்படித்தான்." வேட்டியிலோ படுக்கையிலோ மலம் பட்டுவிட்ட பெரியவரைப் பற்றிய பேச்சு நம் வீடுகளில் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. பிறகு டயப்பர் வரும், ரப்பர் ஷீட் வரும், சாப்பாட்டின் அளவு குறையும். ஏன் இப்படி ஆகிறது என்ற கேள்வி மட்டும் வராது. நாற்பது வயதுப் பெண்ணுக்கு இதே தொல்லை வந்தால் நிலைமை இன்னும் மோசம். அவர் யாரிடமும் வாயே திறப்பதில்லை. கல்யாணம், கோயில் என்று வெளியே போவதை நிறுத்திக்கொள்கிறார். பேருந்தில் போயே ஆகவேண்டும் என்றால் முந்தின இரவிலிருந்து பட்டினி கிடக்கிறார். டாக்டரிடம் போனாலும் 'லூஸ் மோஷன்' என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்.

மலம் அடங்காமை தனியான ஒரு நோய் அல்ல. அது ஓர் அறிகுறி. அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். பல நேரம் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கும். அமெரிக்காவில் 2005-06இல் நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், வீடுகளில் வாழும் பெரியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு இந்தத் தொல்லை இருப்பது தெரிந்தது. எழுபது வயதைத் தாண்டியவர்களில் 15 சதவீதம். வயதோடு கூடுகிறது, உண்மைதான். ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள்: எழுபதைத் தாண்டியவர்களில் 85 சதவீதம் பேருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே பெரிய வித்தியாசமும் இல்லை. ஆகவே வயது என்பது விளக்கம் ஆகாது. வயதோடு வந்து சேர்ந்தது எது என்பதைத்தான் தேடவேண்டும்.

தேடுவதற்கு முன், மலத்தை நம்மால் எப்படி அடக்க முடிகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆசனவாய்க் குழாயின் நீளம் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். அதைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் உள்ளன. உள் சுருக்குத் தசை நம் சொல் கேளாதது. தூங்கும்போதும் தானாகவே இறுகி இருக்கும். சும்மா இருக்கும் நேரத்தில் ஆசனவாய் மூடியிருப்பதற்கான அழுத்தத்தில் 70 முதல் 80 சதவீதம் இதன் உபயம். வெளிச் சுருக்குத் தசை நம் கட்டுப்பாட்டில் உள்ளது. அவசரம் வந்து, கழிப்பறை தூரத்தில் இருக்கும்போது நாம் இறுக்கிப் பிடிப்பது இதைத்தான். ஆனால் முழு வலுவோடு ஒரு நிமிடத்துக்கு மேல் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது.

மூன்றாவதாக ஒரு தசை உண்டு. முன்னாலிருக்கும் இடுப்பெலும்பிலிருந்து கிளம்பி, மலக்குடலுக்குப் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு, மறுபடி முன்னாலேயே வந்து பிடித்துக்கொள்ளும் கவண் போன்ற தசை. அது மலக்குடலை முன்பக்கமாக இழுத்து, ஆசனவாய் சேரும் இடத்தில் ஏறத்தாழ செங்கோணமாக மடக்கி வைக்கிறது. கெட்டியான மலம் கீழே இறங்காமல் நிற்பதில் இந்த மடிப்புக்குப் பெரிய பங்கு. கழிப்பறையில் குந்தி உட்காரும்போது இந்தக் கோணம் விரிந்து வழி நேராகிறது.

தசைகள் மட்டும் போதாது. ஆசனவாயின் உள்பக்கத் தோல் அசாத்திய நுண்ணுணர்வு கொண்டது. மலக்குடலில் ஏதாவது வந்து சேர்ந்ததும் உள் சுருக்குத் தசை ஒரு கணம் தளர்ந்து, வந்தது வாயுவா, நீரா, கெட்டியா என்று அந்தத் தோல் 'ருசி' பார்க்க விடுகிறது. நாம் கூட்டத்தின் நடுவே தயங்காமல் உட்கார்ந்திருக்க முடிவது இந்தச் சோதனை நாள்தோறும் பல முறை பிசகாமல் நடப்பதால்தான். இந்தச் செய்தியைக் கொண்டு செல்லும் நரம்புகள், வால் எலும்புக்கு மேலே இருக்கும் எலும்பின் துளைகள் வழியாகத் தண்டுவடத்தின் கடைசிப் பகுதிக்குப் போகின்றன. அங்கிருந்து மூளைக்கு. இவை தவிர, மலக்குடலே விரிந்து கொடுத்து, நேரம் வரும்வரை மலத்தைச் சேமித்து வைக்கவும் வேண்டும்.

தசை, உணர்வு, நரம்பு, சேமிக்கும் இடம், மலத்தின் பதம். இந்த ஐந்தில் எது கெட்டாலும் அடக்கம் கெடலாம். எது கெட்டது என்பதற்கான முதல் துப்பு நோயாளியின் பேச்சிலேயே இருக்கிறது. "வருதுன்னு தெரியுது, பாத்ரூம் போறதுக்குள்ள ஆயிடுது" என்பவருக்குக் கோளாறு பெரும்பாலும் வெளிச் சுருக்குத் தசையிலோ மலக்குடலிலோ இருக்கும். "போனதே தெரியல, துணியில ஈரம் பட்ட பிறகுதான் தெரியும்" என்பவருக்கு உள் சுருக்குத் தசையையும் நரம்பையும் பார்க்கவேண்டும். மலம் கழித்துக் கழுவி எழுந்த பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது என்றால் மூலம், மலக்குடல் இறக்கம், முழுதாக வெளியேறாத மலம் ஆகியவை சந்தேகத்துக்கு உரியவை.

பெண்களிடம் தவறாமல் கேட்கவேண்டியது பிரசவத்தைப் பற்றி. கேட்டால் பதில் உடனே வரும்: "மூத்தவனுக்கு ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாங்க டாக்டர், நிறைய தையல் போட்டாங்க." குழந்தையின் தலை வெளியே வரும்போது பிறப்புவாய்க்கும் ஆசனவாய்க்கும் இடையே உள்ள சதை கிழியலாம். கிழிசல் சுருக்குத் தசை வரை போனால் அது மூன்றாம் நிலை. மலக்குடலின் உள்தோலும் கிழிந்தால் நான்காம் நிலை. இவை பிரசவ அறையிலேயே கண்ணுக்குத் தெரியவேண்டியவை. ஆனால் வெளியே தெரியாத கிழிசல்களும் உண்டு என்பதை 1993இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வு காட்டியது. அப்துல் சுல்தானும் சக மருத்துவர்களும், பெண்களைப் பிரசவத்துக்கு முன்பும் ஆறு வாரம் கழித்தும் ஆசனவாய்க்குள் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியால் பரிசோதித்தார்கள். இயல்பான வழியில் முதல் குழந்தை பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்குச் சுருக்குத் தசையில் சேதம் தெரிந்தது. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்த 10 பேரில் 8 பேருக்குச் சேதம். உறிஞ்சி இழுக்கும் வாக்குவம் கருவி வைத்து எடுத்த 5 பேரில் ஒருவருக்கும் இல்லை. சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் ஆயுதப் பிரசவத்தில் ஆபத்து கூடுதல் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் உறுதிசெய்தன.

இதைப் படித்துவிட்டு, சிசேரியன்தான் நல்லது என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அந்த ஆய்விலேயே சேதம் இருந்தவர்கள் பலருக்குத் தொல்லை எதுவும் இல்லை. சிசேரியனுக்கு அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு. கவனிக்கவேண்டியது வேறு. வழியை அகலப்படுத்த வெட்டும்போது நேர் கீழாக வெட்டினால் கிழிசல் சுருக்குத் தசைக்குள் ஓடிவிடும். அதனால்தான் பக்கவாட்டில் சாய்த்து வெட்டுகிறார்கள். பெரிய கிழிசல் என்றால் அனுபவமுள்ள மருத்துவர் நல்ல வெளிச்சத்தில், முறையான மயக்க மருந்தோடு தைக்கவேண்டும். பிறகு சில வாரங்கள் மலம் இளகிப் போக மருந்து தரவேண்டும். அவசர அவசரமாகப் போட்ட தையலின் விலையை அந்தப் பெண் அப்போது கொடுப்பதில்லை. இளவயதில் மீதித் தசை வலுவாக இருப்பதால் சமாளித்துவிடுகிறார். மாதவிடாய் நின்று, தசைகள் தளரத் தொடங்கும் ஐம்பதுகளில் அந்தப் பழைய காயம் வெளிப்படுகிறது. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றுவதில்லை. டாக்டர்தான் கேட்கவேண்டும். பிரசவம் நெடுநேரம் இழுத்துக்கொண்டே போனால் தசை கிழியாமலேயே அங்குள்ள நரம்பு இழுபட்டுப் பலவீனமாவதும் உண்டு.

ஆண்களிடம் கேட்கவேண்டிய கேள்வி: மூலத்துக்கோ பௌத்திரத்துக்கோ எங்கேயாவது வைத்தியம் செய்துகொண்டீர்களா? பௌத்திரம் என்பது சீழ் வடியும் ஒரு குகைப்பாதை. அது சுருக்குத் தசையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தால், பாதையைத் திறந்துவிடும் அறுவையில் தசையும் சேர்ந்து அறுபடும். எவ்வளவு அறுக்கலாம் என்பதுதான் அந்த அறுவையின் முழு சூட்சுமம். ஆழமான பௌத்திரத்துக்கு முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாதையைத் தெரிந்துகொள்வது இதற்காகத்தான். ஆசனவாய் வெடிப்புக்குச் செய்யும் அறுவையிலும் உள் சுருக்குத் தசையின் ஒரு சிறு பகுதியை வேண்டுமென்றே வெட்டுகிறார்கள். அளவு மீறினால் வாயுவையும் நீர்ப்பதமான மலத்தையும் அடக்க முடியாமல் போகும். 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் பீட்டர் லார்ட், ஆசனவாயை விரல்களால் பலமாக விரித்து மூலத்தைக் குணப்படுத்தும் முறையைப் பிரபலப்படுத்தினார். அது பலரை இந்தத் தொல்லைக்கு ஆளாக்கியதால் பின்னாளில் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் குணம்' என்று சுவரில் எழுதிவைத்திருக்கும் இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முறையான பயிற்சி பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் பௌத்திரத்துக்குச் செய்யும் கார நூல் சிகிச்சையை நான் இதோடு சேர்க்கவில்லை. அதற்கு நெடிய மருத்துவ மரபு உண்டு. எந்தப் படிப்பும் இல்லாதவர், என்னவென்று சொல்லாத ஒரு திரவத்தை மூலத்துக்குள் ஊசியால் ஏற்றுவதைத்தான் சொல்கிறேன். அரிக்கும் தன்மையுள்ள மருந்து மூலத்தோடு நிற்காமல் சுற்றியுள்ள தசையையும் அழுகவைக்கிறது. ஆறும்போது தழும்பு சுருங்கி ஆசனவாய் குறுகும். அல்லது தசை போய்த் திறந்தே கிடக்கும். வெட்கத்தின் காரணமாக ஆஸ்பத்திரியைத் தவிர்த்து அந்தச் சந்துக்குள் நுழைந்தவர்கள், முன்பைவிடப் பெரிய வெட்கத்தைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறார்கள்.

மலம் கெட்டியாக இருக்கும்வரை பலவீனமான தசைகூட ஒப்பேற்றிவிடும். நீராக வந்தால் திடமான தசையும் திணறும். அதனால் பேதியை உண்டாக்கும் எதுவும் இந்தத் தொல்லையைக் கிளப்பிவிடும். இங்கேதான் சர்க்கரை நோய் வருகிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நீண்ட காலச் சர்க்கரை நோய் காலில் எரிச்சல், மரத்துப்போதல் என்று நரம்பைக் கெடுப்பது எல்லோருக்கும் தெரியும். அதேபோலக் குடலின் நரம்புகளையும் கெடுக்கிறது. இரவில் தூக்கத்தில் பேதியாவது இதன் ஓர் அடையாளம். உள் சுருக்குத் தசை தளர்கிறது, மலக்குடல் நிறைந்த உணர்வும் மங்குகிறது. இவ்வளவுக்கும் மேலே, சர்க்கரைக்காகச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையே சிலருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். அப்படிப்பட்டவருக்கு அளவை மாற்றினாலோ, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலோ தொல்லை பாதியாகக் குறையலாம். மாற்றவேண்டியது டாக்டர்தான், தானாக நிறுத்திவிடக் கூடாது.

பித்தப்பையை எடுத்த பின் பித்தநீர் பெருங்குடலுக்கு அதிகமாகப் போவதால் வரும் பேதி, பால் ஒத்துக்கொள்ளாமை, மெக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்து, 'சுகர் ஃப்ரீ' இனிப்புகளில் இருக்கும் சார்பிட்டால் ஆகியவையும் இதே கணக்கில் வரும். மருந்துச் சீட்டு முழுவதையும் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

இனி, வீடுகளில் அதிகம் ஏமாறும் இடம். படுத்த படுக்கையாக இருக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கு ஒரு வாரமாகச் சிறுகச் சிறுக நீராகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு முறை, ஏழு முறை துணி மாற்றவேண்டியிருக்கிறது. மருந்துக்கடையில் சொல்லி, பேதியை நிறுத்தும் லோபரமைடு வாங்கிக் கொடுக்கிறார்கள். நிற்கவில்லை. வயிறு உப்புகிறது, சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் வந்து கையுறை மாட்டி விரல் விட்டுப் பார்த்தால், மலக்குடல் முழுக்கக் கல் மாதிரி மலம். பாட்டிக்கு வந்திருப்பது மலச்சிக்கல். கெட்டித்துப்போன கட்டி மலக்குடலை அடைத்துக்கொண்டு, அதை விரித்தே வைத்திருப்பதால் உள் சுருக்குத் தசை தளர்ந்து கிடக்கிறது. மேலிருந்து வரும் நீர் மலம் கட்டியின் ஓரமாக வழிந்து கசிகிறது. இதற்கு லோபரமைடு கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். கட்டியை உடைத்து எடுத்து, எனிமா கொடுத்து, அதன் பிறகு தினமும் மலமிளக்கி தந்தால் பல பாட்டிகளுக்கு அந்த 'வயசான கோளாறு' சில நாட்களில் நின்றுவிடும். இரும்புச்சத்து மாத்திரை, டிரமடால் போன்ற வலி மருந்து, சில மனநல மருந்துகள், பார்க்கின்சன் நோய், தண்ணீர் குடிக்காமை, அசையாமல் கிடப்பது எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கட்டியை உருவாக்கியிருக்கும். எழுந்து நடக்க முடியாததால் கழிப்பறைக்குப் போய்ச்சேர முடியாமல் நேர்வதும் உண்டு. அதற்கு மருந்து தேவையில்லை, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி போதும்.

குழந்தைகளிடமும் இதே கதைதான். நாலு வயதைத் தாண்டிய பிள்ளை ஜட்டியில் மலம் கறைபட வந்தால், பெரும்பாலும் உள்ளே தேங்கிய மலம்தான் காரணம். ஒருமுறை வலியோடு போனதில் பயந்துபோன பிள்ளை அடக்கத் தொடங்குகிறது. அசுத்தமான பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்க அடக்கும் பிள்ளைகள் எத்தனையோ. மலக்குடல் விரிந்து விரிந்து, நிறைந்திருக்கும் உணர்வே மங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குக் கசிவது உண்மையாகவே தெரியாது. அடிப்பதும் திட்டுவதும் அநியாயம். அடித்தால் இன்னும் அடக்கும். ஆசனவாய் திறக்காமல் பிறக்கும் குழந்தைகள் வேறு வகை. சுமார் 5000 பிறப்புக்கு ஒன்று அப்படி நேர்கிறது. அவர்களுக்குத் திருத்த அறுவைக்குப் பிறகும் பல வருடம் தொடர் கவனிப்பு வேண்டும்.

மலக்குடல் விரிந்து கொடுக்காமல் போவதும் ஒரு காரணம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சு, பக்கத்திலிருக்கும் மலக்குடலையும் தொட்டுவிடுகிறது. புற்றுநோய் குணமாகி மாதங்கள், சில வேளை வருடங்கள் கழித்துக்கூட, மலக்குடல் தழும்பேறி இறுகுவதால் அடக்க முடியாத அவசரமும் ரத்தக் கசிவும் வரலாம். மலக்குடல் புற்றுக்காக அந்தப் பகுதியையே வெட்டியெடுத்தவர்களுக்குச் சேமிக்கும் இடமே குறைந்துவிடுவதால், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போகவேண்டியிருக்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சியிலும் மலக்குடல் புண்ணாகி அவசரம் காட்டும். முக்கும்போது மலக்குடலே வெளியே இறங்கிவருவதை மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருக்கும் வயதான பெண்கள் பலர். அது சுருக்குத் தசையை நாளுக்கு நாள் தளர்த்திவிடும், அறுவையால் சரிசெய்யக்கூடியது.

பரிசோதனையைப் பற்றிய பயம்தான் பலரைத் தடுக்கிறது. நடப்பது இவ்வளவுதான்: இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள், முழங்காலை மடக்கச் சொல்வார்கள், போர்வை போர்த்தியிருக்கும். ஆசனவாயைச் சுற்றித் தொட்டால் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். விரலை வைத்து, "இறுக்கிப் பிடிங்கம்மா... இப்ப முக்குங்க" என்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பெண்கள், பெண் மருத்துவரையோ பக்கத்தில் ஒரு செவிலியரையோ கேட்கலாம். இந்த ஒரு நிமிடத்திலேயே தசையின் வலு, தேங்கிய மலம், கட்டி, உணர்வின்மை எல்லாம் தெரியவரும். தேவைப்பட்டால் அழுத்தம் அளக்கும் மனோமெட்ரியும் தசைக் கிழிசலைக் காட்டும் ஸ்கேனும் செய்வார்கள். ரத்தம் போனாலோ, எடை குறைந்தாலோ, நெடுநாள் பழக்கம் சமீபத்தில் மாறியிருந்தாலோ பெருங்குடலைக் கேமரா குழாயால் பார்க்கும் கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது. சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது: மலத்தின் பதத்தைத் திருத்த இசப்கோல் முதல், இடுப்புத் தளத் தசைப் பயிற்சி, கிழிந்த தசையைத் தைக்கும் அறுவை, 1995இல் ஜெர்மனியின் கிளவுஸ் மாட்செல் குழு அறிமுகப்படுத்திய நரம்புத் தூண்டல் கருவி வரை.

ஒரே ஒரு காரணம் மட்டும் நாட்கணக்கில் காத்திருக்காது. முதுகு வலி, கால் வரை இறங்கும் வலி உள்ள ஒருவருக்கு, சைக்கிள் சீட்டில் படும் இடம் முழுக்க மரத்துப்போய், சிறுநீர் வராமல் நின்று அல்லது தெரியாமல் போய், மலமும் அடங்காமல் போனால், தண்டுவடத்தின் கடைசி நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று பொருள். விலகிய டிஸ்க், கட்டி, நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் ஆகியவை இதைச் செய்யலாம். அன்றைக்கே எம்.ஆர்.ஐ. வசதியும் முதுகெலும்பு அறுவை வசதியும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அழுத்தத்தை நீக்குவதில் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் நரம்பு மீளும் வாய்ப்பைக் குறைக்கிறது. விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மறதி நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கும் நரம்பு வழியாகவோ மூளை வழியாகவோ இந்தத் தொல்லை வருகிறது.

நரம்பு நிரந்தரமாகப் போய்விட்டாலும் மலம் கட்டுக்கடங்காமல் கிடக்கவேண்டியதில்லை. 1954இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே மறுவாழ்வு மருத்துவம் கற்று வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறையை வளர்த்தார். வேலூரின் பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இத்தகைய மறுவாழ்வு மையங்களில் நடப்பது, நடைப் பயிற்சிக்கு நிகரான முக்கியத்துவம் உள்ள குடல் பயிற்சி. சாப்பிட்டதும் பெருங்குடல் இயல்பாகவே அசையும். அதைப் பயன்படுத்தி, தினமும் காலை உணவுக்குப் பின் அதே நேரத்தில் ஆசனவாயில் மருந்து வைத்தோ, கையுறை மாட்டிய விரலால் மெதுவாகச் சுழற்றித் தூண்டியோ மலத்தை வெளியேற்றப் பழக்குகிறார்கள். அடிபட்டது தண்டுவடத்தின் அடிப்பகுதி என்றால் அந்தத் தூண்டல் வேலை செய்யாது. மலத்தைக் கெட்டியாக வைத்து, விரலால் எடுத்துவிடும் முறையைக் கற்றுத் தருகிறார்கள். நோயாளியே செய்துகொள்ளலாம், அல்லது வீட்டில் ஒருவர் பழகிக்கொள்ளலாம். பழக்கம் படிய சில வாரங்கள் ஆகும். படிந்த பிறகு, அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. மிச்ச நாளில் அவர் கடைக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம்.